கட்டுப் பல்லும் டிரையர் தூளும்

1

றோலர் பெல்ட் அறுந்து என் வாயில் அடித்தது. மேல் வரிசையில் முன்பல் ஒன்று போய்விட்டது.

வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், அப்போது எனக்கு டிரையர் வேலை. றோலரில் அரைபட்டுப் புளித்து வரும் கொழுந்தைச் சூட்டில் காய வைத்துத் தூளாக்குவது டிரையர். காய்ந்துவிட்டது என்று சொல்ல வேண்டியவன் நான். சூட்டோடு கொஞ்சம் தூளை எடுத்து முன்பல்லால் கடிப்பேன். சட்டென்று ஒடிந்தால் சரி. நசுங்கினால் ஈரம்.

தோட்டத்தை நடத்தும் பெரிய தொரை தோட்டச் செலவில் பல் கட்டிவரச் சொன்னார். ஹட்டனில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் இருந்தார். பல் போன இடத்துக்கு இரண்டு பக்கமும் இருந்த நல்ல பற்களை ராவிச் சிறிதாக்கினார். அடுத்த தடவை, மூன்று பல் ஒட்டிய ஒரு துண்டை அதன்மேல் மாட்டி இறுக்கினார். பிரிட்ஜ் என்றார்.

"நாக்கை அதிலை கொண்டுபோகாதையும். ஒரு மாதத்திலை பழகிவிடும்."

வாயில் கல்லை வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. நாக்கு அங்கேயேதான் போனது.

2

நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டு லயத்தில் என் தங்கச்சி புருசன் செல்லையா பார்த்தான். அவனுக்கு றோலரில் வேலை.

"என்ன மச்சான், தொரை வீட்டுப் பீங்கான் மாதிரி மின்னுது. இனிமே ரொட்டி எறங்காதே, கேக்குதான்."

நான் சிரிக்கவில்லை. சிரித்தால் உதட்டில் இடித்தது.

டிரையரில் நின்று தூளைக் கடித்தேன். ஒடிந்ததா நசுங்கியதா தெரியவில்லை. பல் கட்டையாக மரத்துக் கிடந்தது. கடைவாயில் வைத்தால் எல்லாத் தூளும் ஒரே மாதிரி அரைபட்டது. ஈரத்தோடு அனுப்பிவிடக் கூடாது என்று கூடுதலாகச் சூட்டில் விட்டேன். கருகியது.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார்.

"என்னடா இது, அடுப்புக்கரியா? கொழும்புல இத யாரு வாங்குவா?"

"பல்லு புதுசுங்கய்யா. பழகிரும்."

"நீ பழகுற வரைக்கும் தூளு காத்துக்கிட்டு இருக்குமா?"

அப்படிச் சொன்னாலும் ஒரு மாதம் பொறுத்தார். இன்னொரு தடவை கருகியது. அதற்குப் பயந்து சீக்கிரம் எடுத்தேன், பெட்டியில் பூசணம் பிடித்தது. செல்லையாவை டிரையரில் நிறுத்தினார். என்னை மேல்மாடிக்கு அனுப்பினார். அங்கே கொழுந்தைச் சாக்கில் பரப்பி வாட விடுவது வேலை. அதை யாரும் செய்யலாம்.

3

மறுபடி ஹட்டன் போனேன்.

"இதக் கழட்டிருங்க ஐயா. கடிச்சா ஒன்னும் தெரிய மாட்டேங்குது."

"கழட்டினால் கீழை ராவின குச்சிதான் இருக்கும். ஏன், சாப்பிட ஏலாமல் கிடக்கோ?"

தூள் கடிக்கிற வேலையைச் சொன்னேன்.

"அதை முதலே சொல்லியிருந்தால் நல்ல பல்லிலை கை வைச்சிருக்கமாட்டன். கழட்டி மாட்டுற ஒற்றைப் பல்லாய்ச் செய்திருப்பன். தூள் கடிக்கப் பக்கத்துப் பல் இருந்திருக்கும்."

"பழகுமுன்னு சொன்னீங்களே ஐயா?"

"பழகும். வாயிலை இருக்கிறதே தெரியாமல் போகும். அவ்வளவுதான்."

அப்படியேதான் ஆனது. ஒரு நாள் ரொட்டியைத் தின்று முடித்த பிறகுதான் பல்லை நினைக்கவேயில்லை என்று தெரிந்தது. சந்தோசம் ஒன்றும் வரவில்லை.

செல்லையா சில நாள் தூளை உள்ளங்கையில் ஏந்தி மாடி ஏறி வருவான்.

"ஒரு தடவ பாரேன் மச்சான்."

"நீயே கடி."

பிறகு அவன் வருவதில்லை. கடைசி வரை நான் மாடியில்தான் இருந்தேன்.

ஸ்டோர் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மெஷினில் அடிபட்டு வைத்தியத்துக்குப் போனால் எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்பார். அந்த இடத்தைக் கொண்டு நீ என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கமாட்டார். தொரையும் கேட்கமாட்டார். நீங்களே சொல்லிவிடுங்கள்.