ரைமோவின் பூட்ஸ் அளவு

வட ஐரோப்பாவின் பனியூரான கயானியில் தலைக்கனத்துக்குப் போட்டி வைத்தால் முதல் பரிசு ரைமோவுக்கு. இரண்டாம் பரிசும் அவனுக்கே. மற்றவர்கள் கூச்சப்பட்டு எழுந்து போயிருப்பார்கள். முப்பது வருடம் லாரி ஓட்டியவன், அதனால் உலகத்தில் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று எப்போதோ முடிவு கட்டிவிட்டான். ஏரிக்கரையில் தன் கையாலேயே வீடு கட்டினான். சுவர் நேராகத்தான் நின்றது, பொய் சொல்லக்கூடாது. தரைக்கு வந்தபோதுதான் அவன் யோசிக்க ஆரம்பித்தான். அங்கே பிடித்தது சனி.

அவன் மனைவி ஹெல்வி கேட்டது ஒன்றே ஒன்று. பனிக்காலம் வந்தால் அவள் பாதம் ஐஸில் போட்ட மீனாகிவிடும். மூன்று ஜோடி கம்பளி சாக்ஸ் போட்டாலும் தூக்கம் வராது.

"புது வீட்டுல வெறுங்காலோட நின்னு காபி போடணும், ரைமோ. அது முடியலேன்னா நான் எங்கக்கா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள்.

தரை சூடாவதற்கு அதனடியில் சுடுநீர்க் குழாயை வளைத்து வளைத்துப் பதிக்க வேண்டும். குழாய்க்கும் குழாய்க்கும் இடைவெளி ஜன்னலோரம் பத்து சென்டிமீட்டர், நடுவில் இருபது என்று இன்ஜினியர் படம் போட்டுக் கொடுத்திருந்தார். ரைமோ அந்தப் படத்தை மடித்து ஆடும் மேஜைக்கால் ஒன்றுக்கு முட்டுக் கொடுத்தான். பிறகு தன் நாற்பத்தாறாம் நம்பர் பூட்ஸை எடுத்து வைத்தான். முப்பது சென்டிமீட்டருக்கு மேல் வரும் ஒரு பூட்ஸ் நீளம், ஒரு குழாய். வீடு முழுக்க அதே கணக்கு. அந்த பூட்ஸில் ஒரு குடும்பம் ஏறி ஏரியைக் கடக்கலாம்.

குழாய்களை இணைக்க வந்த பிளம்பர் தூலா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னய்யா இது, குழாய் பதிக்கிறியா, உருளைக்கிழங்குக்குப் பாத்தி கட்டுறியா?"

"கான்கிரீட்டு சூட்டைப் பரப்பிக் குடுக்கும். அதுக்குத்தான் அது இருக்கு."

"நாளைக்குப் பத்து மணிக்கு கான்கிரீட்டு வண்டி வருது. ஊத்திட்டா அப்புறம் உடைச்சுத்தான் மாத்தணும். இன்னிக்கே கூட நின்னு மாத்தித் தரேன், கேளு."

"அவ சொல்றதக் கேளேன், ரைமோ" என்றாள் ஹெல்வி.

"முப்பது வருஷத்துல நான் ஒரு தடவை வழி தப்பினதுண்டா?"

உள்நாட்டிலேயே ஔலு நகரத்துக்குப் போக வேண்டிய மரக்கட்டையை சுவீடனில் கொண்டுபோய் இறக்கியதை இரண்டு பெண்களும் பெருந்தன்மையாகச் சொல்லாமல் விட்டார்கள். மறுநாள் பத்து மணிக்கு கான்கிரீட் ஊற்றியாயிற்று.

ஜனவரி வந்தது. வெளியே மைனஸ் இருபத்தெட்டு. புதுவீட்டு விருந்துக்குப் பதினான்கு பேர் ஊர் முறைப்படி ரொட்டியும் உப்பும் கொண்டு வந்தார்கள். எல்லோரும் வழக்கம்போலக் காலணியை வாசலில் கழற்றினார்கள். ரைமோ மாட்டியது அங்கேதான். வந்தவர்கள் காலில் செருப்பாவது இருந்திருந்தால் தப்பியிருப்பான். இந்த ஊரில் பாதிரியாரே வந்தாலும் சாக்ஸோடுதான் உள்ளே வர வேண்டும்.

பக்கத்து வீட்டு உர்ஹோ இரண்டடி வைத்தான், நின்றான், ஒற்றைக்காலைத் தூக்கினான்.

"அடேய் ரைமோ, ஒரு காலு ஸ்பெயின்ல இருக்கு, ஒரு காலு சைபீரியாவுல இருக்கேடா!"

விருந்தாளிகள் குழாய்களுக்கு நேர் மேலே இருந்த சூடான கோடுகளைக் காலால் தேடிப் பிடித்து, பஸ்ஸுக்கு நிற்பவர்கள் போல வரிசை கட்டி நின்றார்கள். ரைமோ ஓடிப்போய் நீரின் சூட்டை ஏற்றினான். கோட்டின் மேல் முட்டை பொரிக்கலாம் போலாயிற்று. நடுவே கிடந்த குளிர் மட்டும் அசையவில்லை.

சற்று நேரத்தில் கூடம் காலி. எங்கே போனார்கள்? துடைப்பம் வைக்கும் அறையில் இருந்தார்கள். வீட்டுக் குழாய்கள் அத்தனையும் வந்து சேருவது அங்கேதான். ரைமோவின் பூட்ஸ் வைக்கக்கூட இடமில்லாததால் தூலா விரலுக்கு விரல் நெருக்கிப் பதித்திருந்தாள். பதினான்கு பேரும் தீப்பெட்டிக் குச்சிகளாக அடைந்து நின்று கேக் தின்றார்கள்.

ஹெல்வி தன் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. மறுநாளே துடைப்பங்களை வெளியே வீசிவிட்டு, ஒரு நாற்காலியையும் காபி மெஷினையும் உள்ளே கொண்டுபோனாள். சாக்ஸைக் கழற்றி எறிந்தாள். வெறுங்காலோடு நின்று காபி போட்டாள்.

சமையலறையில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நடுங்கிய ரைமோ மெல்ல வந்து கதவைத் திறந்தான்.

"கொஞ்சம் நகந்துக்கோயேன், ஹெல்வி."

"அந்த பூட்ஸுக்கு இங்க இடமில்ல. கதவச் சாத்து, குளிரு உள்ள வருது."