பங்க் பாடகியை நேர்ஸ் ஆக்கிய கதை

போன வாரம் எங்கள் பங்க் ராக் இசைக்குழு வாசிக்கவிருந்த கிளப் வாசலில், ஒரு வெள்ளைக்காரர் நயோமியை மறித்து, "ஹிப் ஹாப் பக்கத்துக் கட்டடத்தில்" என்றார். ஒரு கறுப்புப் பெண் பங்க் பாடுவாள் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

நயோமிதான் எங்கள் பாடகி. என் காதலியும்கூட.

"அவள் யாரென்று தீர்மானிக்க நீ யார்?" என்று அரை மணி நேரம் அவரைக் காய்ச்சி எடுத்தேன். அதை வீடியோவாக இங்கே போட்டதும் நீங்கள் எல்லோரும் ஹார்ட் போட்டீர்கள். நன்றி.

இன்று ஸ்காபரோ பஸ்ஸில் நாங்கள் இரு பெண்களும் கை கோத்தபடி இருந்தோம். அம்மாவின் சிநேகிதி ராணி அன்ரி ஏறினார்.

கையை விட்டேன்.

"உது ஆர், பிள்ளை?"

நயோமிக்குப் பாதி மொட்டை, மூக்கில் வளையம், ஜாக்கெட்டின் முதுகு முழுக்கக் கறுப்புப் பெண்ணிய, குவியர் வாசகங்கள்.

"நேர்ஸ், அன்ரி. வேலையில பழக்கம்."

அன்ரி உடனே முழங்காலை நீட்டினார். "ஒருக்கா பாக்கச் சொல்லு பிள்ளை. படி ஏறேலாமக் கிடக்கு."

நயோமி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முழங்காலை மெல்ல அமுக்கிவிட்டாள்.

அன்ரி இறங்கியதும் ஆங்கிலத்தில் கேட்டாள்: "அந்த ஆளுக்கு அரை மணி நேரம் கொடுத்தாய். உன்னைத் திட்ட எவ்வளவு நேரம் கொடுப்பாய்?"

வீடு வருமுன் அம்மாவின் வொய்ஸ் மெசேஜ் வந்துவிட்டது. "ராணி சொன்னா, நல்ல கைராசிக்கார நேர்ஸாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வா. எனக்கும் முழங்கால் ஏலாது."

ஞாயிற்றுக்கிழமைக்குள் நயோமி நேர்ஸிங் படித்து முடிக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மாவிடம் உண்மையைச் சொல்வதைவிட அதுதான் சுலபமாகத் தெரிகிறது.