முழங்காலுக்குப் போன முட்டைகள்

பத்தியம் என்ற பேரில் ஒருவனைப் பட்டினி போட்ட வைத்தியரே, உம்மைத்தான் சொல்கிறேன்.

முட்டை வியாபாரம் என்பது உடையும் சரக்கை வைத்துக்கொண்டு உடையாத பிடிவாதங்களோடு மல்லுக்கட்டும் தொழில். கூடை சுமக்கும் கூட்டாளிகளே, உங்களுக்குத் தெரியாததா?

வாய்க்கு இல்லை

ஈப்போவை அடுத்த லகாட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் முனியனுக்கு முழங்கால் வீங்கிக் கிடந்தது. அவன் மனைவி அஞ்சலை என்னிடம் பேரம் பேசினாள். நான் கத்தினேன், அவள் என்னைவிட உரக்கக் கத்தி, தான் கேட்ட விலைக்கே முட்டைகளை வாங்கிவிட்டாள். வெள்ளைக்கருவை உளுந்து மாவில் குழைத்து முழங்காலில் பற்றுப் போட்டாள். மஞ்சள் கரு அடுத்த வீட்டுக்குப் போயிற்று. அவனோ வெறும் கஞ்சித் தண்ணீரில் காய்ந்துகொண்டிருந்தான். "அவன் தின்னக் கூடாதா?" என்றேன்.

"கவிச்சி ஆகாதுன்னு வைத்தியர் சொல்லிட்டாரு. முட்டை காலுக்குத்தான் அண்ணே, வாய்க்கு இல்லலா!"

குழாய்க்குள் என் சரக்கு

ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரிக்கும் முட்டை போடுகிறேன். அங்கே டாக்டருக்கு உதவியாகக் கட்டுப் போடும் டிரெசர் சூசை, யாரோ ஒருவனுடைய வீங்கிய முழங்காலில் எடுத்த நீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சூடு காட்டினார். அவித்த முட்டை மாதிரி வெளுத்துத் திரண்டது. "என் சரக்கை எவன் இதில் ஊற்றியது?" என்று பாய்ந்தேன். சிரித்தார்.

"உடம்பு தானே செய்யுற வெள்ளைக்கரு அண்ணே இது. அடிபட்டா ரத்தத்துல இருக்குற காவல் ஆளுங்களைக் கூப்பிட்டு அந்த இடத்தை வீங்க வைக்கிறதும் இந்த இனந்தான். போதும், போங்கன்னு அடக்குறதும் இதுல ஒண்ணாத்தான் இருக்கணும். பெரிய டாக்டருங்களே இன்னும் தேடிக்கிட்டிருக்காங்க. ஆனா வெறும் கஞ்சித் தண்ணியில உடம்பு எதை வச்சு இதைச் செய்யும்?"

சும்மா கொடுத்தும் போகவில்லை

அவித்த முட்டையோடு லகாட்டுக்கு ஓடினேன். முனியன் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். முழங்கால் மட்டும் தேங்காய் அளவு. கடை முதலாளியான சீனத் தவுக்கேயையே விலையில் மடக்கியவன் நான். இலவச முட்டை ஒன்றை அவன் வாயில் தள்ள முடியவில்லை. வைத்தியரைக் கண்டபடி திட்டினேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே, பேதியில சாகக் கிடந்தப்ப தூக்கிவிட்டவரு அவரு. அவரு வாயால சொல்லட்டும், தின்னுறேன்."

ஆகவே வைத்தியரே, நான் சொன்னால் வியாபாரம், நீர் சொன்னால் மருந்து என்று ஆகிவிட்டபடியால், எழுந்து வந்து நீர் போட்ட பத்தியத்தை உம் வாயாலேயே முறித்துவிடும்.