மாமியின் சங்கிலிக்கு இரண்டு கிழமைத் தவணை

மாமியின் சங்கிலிக் கொளுக்கி எப்போதும் என் வலது காதுக்குக் கீழேதான் வந்து குத்தும். நூல் போல மெல்லிய தங்கச் சங்கிலி. இடப்பெயர்வுகளின்போது சட்டை மடிப்புக்குள் வைத்துத் தைத்து மாமி காப்பாற்றிக் கொண்டுவந்த ஒரே நகை அது. முள்ளியவளையில் எங்கள் பக்கத்து வளவில் இருப்பவர் அவர். இரத்த உறவில்லை, மலையகத்திலிருந்து வந்து வன்னியில் வேரூன்றிய குடும்பம். பதினைந்து வயதில் என் கழுத்தில் ஒரு கட்டி எழும்பியபோது, யாரும் கேட்காமலே தன் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். "பொன்னுக்கு வீங்கியிருக்கு புள்ள. தங்கம் பட்டா வத்திரும்" என்றார். எங்கள் வீட்டில் அதைக் கூகைக்கட்டு என்போம். பெயரில்தான் இரண்டு வளவுக்கும் பேதம், வைத்தியத்தில் இல்லை.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கூகைக்கட்டு சில நாளில் தானாகவே வற்றிவிடும். பெயர் தங்கத்துக்குப் போய்விடும். என் கட்டிக்கு அந்த மரியாதை தெரியவில்லை. நோவும் இல்லை, சூடும் இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று. நொந்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். நானோ சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்வந்தேன். அம்மா பத்துப் போட்டார். மருந்துக் கடையில் வாங்கிய குளிசைக்குக் கொஞ்சம் அடங்கி, பிறகு பக்கத்தில் இன்னொரு கட்டியையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு எழும்பியது. நான் மெலிந்ததற்குச் சோதனைப் படிப்பைக் குற்றம் சொன்னோம். கழுத்தைப் பார்த்து விசாரித்தவர்களும், "சங்கிலி போட்டாச்சுத்தானே" என்று போய்விடுவார்கள். மாதங்கள் அப்படியே கழிந்தன.

சங்கிலியில் முதலில் நம்பிக்கை இழந்தவர் அதன் சொந்தக்காரிதான். ஒருநாள் எனக்குத் தலை பின்னிவிடும்போது சங்கிலிக்கும் கழுத்துக்கும் இடையில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை. சங்கிலியைக் கழற்றி என் மடியில் வைத்தார். "இது தங்கம் கேக்குற வீக்கமில்ல. நாளைக்கு மொத பஸ்ஸுல போறோம்" என்றார்.

அம்மா குரலைத் தாழ்த்தினார். "கசமெண்டு சொல்லிப்போட்டால் இந்தக் குமர்ப்பிள்ளையை ஆர் கேட்டு வருவினம்?"

"புள்ள இருந்தாத்தானேக்கா கேட்டு வருவாங்க" என்றார் மாமி. அடுத்த நாள் முதல் பஸ்ஸில் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டொக்டர் கட்டியைத் தடவிப் பார்த்து, ஊசியால் கொஞ்சம் உறிஞ்சிப் பரிசோதனைக்கு அனுப்பினார். அம்மா பயந்த அதே கசம், காசநோய்தான். "இருமலே இல்லாத பிள்ளைக்கோ?" என்று அம்மா கேட்டார். "நெஞ்சிலதான் வரவேணுமெண்டு இல்லை அம்மா. கழுத்தில நெறி கட்டுற நிணநீர்க் கணுவிலயும் வரும். குளிசையைத் தவறாமப் போட்டால் முழுச் சுகம். கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்" என்றார் டொக்டர். முடிவு வருவதற்குள் கட்டி உடைந்து ஒழுகத் தொடங்கிவிட்டது. ஆறு மாதக் குளிசையில் சுகமாகியது. காதுக்குக் கீழே, சாக்குத் தைத்த இடம் போல ஒரு தழும்பு மட்டும் மிஞ்சியது. பெண் கேட்டும் வந்தார்கள். தழும்பைப் பற்றி நான் சொன்னபோது, இன்றைக்கு என் கணவராக இருக்கும் இவர் தன் கெண்டைக்காலில் நாய் கடித்த தழும்பைக் காட்டினார்.

'கொஞ்சம் முந்தி' என்ற சொல் எங்களைவிட மாமியைத்தான் சுட்டது. ஆனாலும் அவர் சங்கிலியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டவில்லை. இன்றைக்கும் கழுத்து வீங்கிய பிள்ளைகளுக்கு அது போகிறது, ஒரு நிபந்தனையோடு. "ரெண்டு கெழமதான், பதினாலு நாளு. வத்தலேன்னா சங்கிலியோட ஆஸ்பத்திரி. சம்மதம்னா கொண்டு போங்க." சங்கிலி போடாதீர்கள் என்று சொல்லியிருந்தால் ஊரில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். மாமி என்ற மனிதரை நினைத்து நான் பெருமைப்படுவது இந்தக் கெட்டித்தனத்துக்காகத்தான்.

போன வருடம் முன்வீட்டுச் சிறுமிக்குக் கழுத்தில் கட்டி; மாமியின் சங்கிலி அவளுக்குப் போனது. தவணை முடிந்த அன்று காலையிலேயே மாமி அவர்களுடைய படலை வாசலில் நின்றார். அதே ஊசி, அதே நோய், அதே குளிசை. ஆனால் கட்டி உடையும்வரை யாரும் காத்திருக்கவில்லை.

குளிசை முடித்த அந்தப் பிள்ளை நேற்று இரட்டைப் பின்னலோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னை அறியாமல் என் கண் அவளுடைய காதுக்குக் கீழே போனது. மாமியின் கொளுக்கி எந்த இடத்தில் குத்தியது என்று அவளுடைய கழுத்தைப் பார்த்து இனி யாராலும் சொல்ல முடியாது. என் கழுத்தில் சொல்லலாம்.