ரயில் கேற்றடியில் நின்ற அம்மன்

பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்த என் மனைவி வதனி, "தலை என்னவோ செய்யுதப்பா" என்று சொல்லிக் கதிரையில் இருந்தாள். "உன்னைக் கட்டின நாளிலையிருந்து எனக்கும் அதுதான் செய்யுது" என்றேன். எந்தப் பகிடிக்கும் எதிர்ப்பகிடி வைத்திருப்பவள். அன்று பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். சரிந்துகொண்டிருந்தாள்.

அது போன வருஷம் புரட்டாதி. சுவிஸில் நாங்கள் இருக்கும் இன்டர்லாக்கனிலிருந்து ஹெலிகொப்டரில் பேர்ண் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். மூளைக்குள் இரத்தக் கசிவு. மண்டையைத் திறந்து சிகிச்சை செய்தார்கள். அதன் பிறகு அவள் கண் திறக்கவில்லை. மெஷின் மூச்சு விட்டது, அவள் படுத்திருந்தாள்.

நான் ஹோட்டல் குசினியில் சமைப்பவன். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. அதனால் அம்பாளிடம் பேரம் பேசினேன். தேர் இழுப்பேன் என்றேன். அங்கப்பிரதட்சணம் செய்வேன் என்றேன். மொட்டை அடிப்பேன் என்றும் சொன்னேன். அடிக்க அங்கே பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை என்பதை அம்பாள் கவனித்திருப்பாள். 

நவராத்திரி தொடங்கியது. பெரிய டொக்டர் எங்களைத் திங்கட்கிழமை வரச் சொன்னார். "ஆறுதலாக இருந்து கதைப்போம்" என்றார். இந்த நாட்டு டொக்டர்மார் ஆறுதலாகக் கதைக்கக் கூப்பிட்டால் பயப்பட வேண்டும்.

"என்னவாம்?" என்று மகள் அபிராவைக் கேட்டேன். இங்கே பிறந்து வளர்ந்தவள், அவர்களின் ஜெர்மனும் அவர்களின் முகமும் அவளுக்கு விளங்கும்.

"மெஷினை நிப்பாட்டிறதைப் பற்றி அப்பா." அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

குசினியில் என்னோடு நிற்பவன் பிஷ்ணு. நேபாளத்தில் பக்தபூர் ஊரான், நெவார் இனத்தவன். எங்களுக்கு நவராத்திரி வரும் நாட்களில்தான் அவர்களும் துர்க்கையைக் கொண்டாடுகிறார்கள். சுவிஸில் சிதறிக் கிடக்கும் நெவார் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு மண்டபத்தில் கூடி, அம்மனைச் சின்னப் பல்லக்கில் வைத்து மேளத்தோடு ஊரைச் சுற்றிவரப் போவதாகச் சொன்னான். எங்கள் இருவருக்கும் பொது மொழி குசினி ஜெர்மன். தமிழரோடு வேலை செய்ததில் அவன் பிடித்துக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல் 'அண்ணை'. மற்றதை நான் தமிழில் தருகிறேன்.

"அண்ணை, எங்கட ஊரிலை ஒரு நேர்த்திக்கடன் இருக்கு. உடம்பிலை விளக்கு ஏத்திக்கொண்டு அம்மனுக்கு முன்னாலை இருக்கிறது. தலை, தோள், கை, முழங்கால் எல்லாம் விளக்கு. அசையக் கூடாது, கதைக்கக் கூடாது. அக்காவுக்காக நான் இருக்கிறன்."

"நான் இருக்கிறன்" என்றேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "நீங்களோ? வெங்காயம் வெட்டேக்கையே வாய் மூடமாட்டியள்."

"என்ர மனுசியடா."

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அவன் என்னையே விளக்கேற்ற இருத்தினான்.

விளக்குகளைச் சாணி உருண்டைகளில் பதித்துத்தான் உடம்பில் வைக்கிறார்கள். சுவிஸில் சாணிக்கா பஞ்சம்? ஆனால் சாணி கொடுத்த பண்ணைக்காரருக்கு அது எதற்கென்று விளங்கப்படுத்தவே பிஷ்ணுவுக்கு அரை மணித்தியாலம் போனது. மண்டபத்தின் காவல்காரர், அப்வார்ட் என்று இங்கே சொல்லும் வயதான சுவிஸ்காரர், நெருப்பணைக்கும் சிவப்புச் சிலிண்டரைக் கட்டிப்பிடித்தபடி என்னைவிட்டுக் கண்ணெடுக்காமல் நின்றார். என் வயிற்றுக்கு மேலால் எனக்கு முழங்கால் விளக்குகள் தெரியவில்லை. பிஷ்ணுவின் மனைவி சபினா பக்கத்திலிருந்து எண்ணெய் விட்டாள். அம்மன் ஊர்சுற்றி வந்து என்னைக் கடந்து போகும் வரை இருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

பிஷ்ணுவும் மற்றவர்களும் பல்லக்கைத் தோளில் ஏற்றினார்கள். சிந்தூரம் பறந்தது. மேளம் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி, தேய்ந்து, திடீரென்று நின்றுபோனது.

அப்வார்ட் மணிக்கூட்டைப் பார்த்தார். "ரயில் கேற் பூட்டியாச்சு. பேர்ண் ரயில் போகவேணும்" என்றார்.

உலகத்தைப் பெற்றவள் கேற்றடியில் நின்றாள். இங்கே அவளுக்காகவும் ரயில் பிந்தாது.

அந்த அமைதியில்தான் என் போன் அடித்தது. அது சபினாவிடம் இருந்தது. திரையை எனக்கு நேரே பிடித்தாள். அபிரா.

வைத்தியசாலையில் தாயின் கட்டிலடியில் இருந்தவள் அவள். நான் நேர்த்தி இருப்பது தெரிந்தவள். சும்மா எடுக்க மாட்டாள்.

எடுக்கவா என்று சபினா கண்ணால் கேட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அது பக்தி என்று சொன்னால் பொய். பயம். எடுக்காதவரைக்கும் வதனி உயிரோடு இருந்தாள். போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. சூடான எண்ணெய் ஒரு சொட்டு என் கழுத்தில் விழுந்து முதுகில் ஓடியது. அசையவில்லை.

பேரம் பேச என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. திருப்பித் தா என்று கேட்கவும் வாய் வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் வந்தது: அம்மா, அவள் பயப்படாமல் இருக்கவேணும். நான் அங்கை இல்லை. நீ இரு.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. மேளம் திரும்பியது. பல்லக்கு என்னை உரசுவதுபோலக் கடந்தது. சபினா விளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். என் கைகளில் எண்ணெயும் சாணியும். மறுபடி அடித்த போனை அப்வார்ட்தான் என் காதில் வைத்துப் பிடித்தார்.

"அப்பா, ஏன் எடுக்கேல்லை?" அபிரா கத்தினாள். "அம்மா மெஷின் குழாயைப் பிடுங்கி எறிஞ்சிட்டா!"

"ஆர்?"

"அம்மாதான்! இடக் கையாலை! நேர்ஸ்மார் எல்லாரும் பயந்து ஓடி வந்திட்டினம். மூச்சு தானா விடுறா. கண் முழிச்சிருக்கிறா. அப்பா? அப்பா!"

நான் நிலத்தில் விழுந்து அழுதேன். பிஷ்ணு என் முதுகில் கை வைத்தபடி, "கதையுங்கோ அண்ணை, இப்ப கதைக்கலாம்" என்றான். 

அவள் பயப்படவில்லை. மற்ற எல்லோரும்தான் பயந்தார்கள். கேட்டதற்கும் மேலே தந்தாள் தாய்.

அடியார்களே, முழுவதையும் சொல்ல வேண்டும். வதனியின் வலக்கை திரும்பவில்லை. தெளிவாகச் சொல்லக்கூடிய சொற்கள் கொஞ்சம். அதில் பாதி என்னைத் திட்டுவதற்கு. குளிக்க வார்ப்பதும் தலை சீவி இழுப்பதும் நான்தான். சில இரவுகள் அவள் சத்தமில்லாமல் அழுவாள். பகிடி விட்டு அதைக் கலைக்க முன்பு ஓடியிருப்பேன். இப்போது கட்டிலில் ஏறி அவள் அருகே இருக்கிறேன்.

அதே வார்ட்டில் ஒரு போர்த்துக்கேயப் பெண்ணும் காத்திருந்தாள். செபமாலை அவள் கையைவிட்டு இறங்கியதே இல்லை. அவளுடைய புருஷன் அந்தக் கிழமையே போய்விட்டான். என்னைவிட நன்றாகத்தான் அவள் கேட்டாள். ஏன் அப்படி என்று தாயிடம் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கோபித்துக்கொண்டும் கேட்டிருக்கிறேன். தாய் என்னைத் தள்ளிவிடவில்லை.

ஆகவே, மெஷின் மூச்சுவிடும் கட்டிலருகே இன்று யாராவது நிற்பீர்களானால், தாயைக் கூப்பிடுங்கள். அழகாகக் கேட்க வேண்டியதில்லை. வர அவளுக்குப் பிந்தலாம். வந்துகொண்டிருக்கிறாள் என்று நம்பி இருங்கள். தனியே இருக்க ஏலாவிட்டால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். விளக்கம் சொல்ல எனக்குத் தெரியாது. வந்து பக்கத்தில் இருப்பேன்.