உப்போடு விட்டுவந்த ஜாடி

பாற்கடலும் அதில் பள்ளிகொண்ட நீலமேனியும் நினைவுக்கு வருவதால், நீலப் பூ வரைந்த வெண்பீங்கான் எங்கே கிடைத்தாலும் வாங்கிவிடுவேன். நெய்வேலியில் என் மகனின் குவார்ட்டர்ஸில் ஒரு சுவரே அவற்றால் நிறைந்திருக்கிறது. “பெருமாளைவிடப் பீங்கானுக்குத்தான் இந்த வீட்டுல இடம் அதிகம்” என்று மருமகள் கேலி செய்வாள்.

ஓர் ஆண்டு கொலுவில், பழைய சாமான் கடையில் வாங்கிய மூடியிட்ட ஜாடி ஒன்றையும் வைத்தேன். தாம்பூலம் பெற வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணின் தாயார் பச்சையம்மாள் அதன் முன் நின்றுவிட்டார். மூடியின் உடைந்த குமிழை அரக்கால் ஒட்டியிருந்த இடத்தைத் தடவினார்.

“எங்க வூட்டு உப்பு ஜாடிங்க இது. சுரங்கத்துக்கு ஊரை எடுத்தப்ப, வூட்டை வெறுமையா வுடக்கூடாதுன்னு எங்கம்மா உப்போட வச்சிட்டு வந்தாங்க.”

யாரோ அதை எடுத்து விற்றிருக்க வேண்டும். “நீங்களே எடுத்துட்டுப் போங்க” என்றேன்.

“வூட்டுக்குன்னு வுட்டதுங்க. வூடே இல்ல, எங்க கொண்டுபோயி வைக்கிறது?”

குங்குமம் மட்டும் இட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஜாடியில் கல்லுப்பை நிறைத்துச் சமையலறையில் வைத்தேன். சுரங்கத்தில் வெடி வைக்கும்போது சுவரிலுள்ள பீங்கான்கள் எல்லாமே அதிரும். எனக்கோ அந்த மூடியின் ஓசை மட்டுமே கேட்கிறது, யாரோ உப்பு எடுப்பதுபோல. திருநாமத்தைச் சொல்லிக்கொண்டே போய்ப் பார்ப்பேன். யாரும் இருப்பதில்லை.

மகன் ஓய்வுபெற்றதும் இந்த வீட்டை நாங்களும் காலிசெய்ய வேண்டும். புதுவீட்டுக்குள் முதலில் உப்பைக் கொண்டுசெல்வதே எங்கள் வழக்கம். அன்று, வீட்டுக்கென்று விட்ட அந்த ஜாடியை என்னால் தூக்க முடியும் என்று தோன்றவில்லை.