தண்ணீர் இல்லாத ரைனில் ஒரு கப்பல் பயணம்

ரைன் நதியில் கப்பலில் போக யோசிக்கும் சிலர் என்னிடம் விபரம் கேட்டிருந்தீர்கள். ஆகஸ்ட் கடைசியில் நானும் என் கணவர் ரவீந்திரனும் போய் வந்தோம். ஆம்ஸ்டர்டாமில் ஏறி சுவிட்சர்லாந்தின் பாசலில் இறங்கும் ஒரு வாரப் பயணம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்: கப்பலில் போன தூரத்தைவிட நாங்கள் பஸ்ஸில் போன தூரம்தான் அதிகம்.

இவர் லண்டனில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். போன டிசம்பரில் ஓய்வு பெற்று இல்ஃபோர்ட் வீட்டுக்கு வந்தவர், சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "இனி நான் பஸ்ஸில கால் வைக்க மாட்டன்" என்றார். சொன்னபடி எங்கே போனாலும் ரயிலில் போனார், இல்லாவிட்டால் நடந்தார்.

இவருக்கு எப்போதும் பின்னேர ஷிப்ட். எனக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் விடியற்காலை ஷிப்ட். மகள் அபியைப் பார்க்க ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று அப்படி அமைத்துக்கொண்டோம். அபி வளர்ந்து, வேலை எடுத்து, ஸ்ட்ரெதமுக்குக் குடிபோன பிறகும் அதை மாற்றத் தோன்றவில்லை. வசந்தத்தில் நானும் வேலையை விட்டேன். அதன் பிறகுதான் தெரிந்தது, பகல் முழுக்க ஒரே வீட்டில் இருந்து எங்களுக்குப் பழக்கமே இல்லை என்று. நான் வானொலி போட்டால் அவர் தோட்டத்துக்குப் போனார். அவர் என் தூள் போத்தல்களை உயர வரிசையில் அடுக்கியதில் இரண்டு நாள் மிளகாய்த்தூளைத் தேடினேன். பால் இருக்கா, குப்பை வைத்தாச்சா என்பதற்கு மேல் பேச்சு நீளவில்லை.

கப்பல் இவருடைய யோசனை. "ஆத்தில சிக்னல் இல்லை. ரோட்வேர்க்ஸ் இல்லை. பஸ்ஸும் இல்லை" என்றார்.

டான்யூபையும் பார்த்தோம். ரைனைத் தேர்ந்ததற்குக் காரணம், லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷனிலிருந்து நேரே ஆம்ஸ்டர்டாமுக்கு நாலு மணித்தியாலத்தில் ரயில் உண்டு. மே மாதமே எடுத்ததால் ஒருவருக்கு 74 பவுண்ட். கப்பலுக்கு ஆளுக்கு 1,480 பவுண்ட். மேல் தட்டு, பல்கனியோடு என்றால் இன்னும் எழுநூறு. நாங்கள் கீழ்த் தட்டை எடுத்தோம். அங்கே ஜன்னல் திறக்காது, ஆற்று நீர் கண் மட்டத்தில் நிற்கும். முதல் நாள் காலை பல் துலக்கும்போது ஒரு வாத்து என்னை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு போனது.

கபின் பதினைந்து சதுர மீட்டர். அபிக்குப் போனில் அதைச் சொன்னேன். "அம்மா, ஆர் யூ ஷுவர்? நீங்களும் அப்பாவும் அதுக்குள்ள என்ன கதைப்பீங்கள்?" என்றாள். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. உயிரோடு இருந்தால் இன்னும் இருபது வருடம் ஒன்றாக இருக்கப்போகிறோம். ஒரு வாரமே தாங்கவில்லை என்றால் பிறகு என்ன செய்வது?

முதல் மூன்று நாட்கள் அழகாகத்தான் போயின. நெதர்லாந்தின் சமவெளி, பசுக்கள், பிறகு கொலோன். அங்கேயுள்ள பெரிய தேவாலயத்தின் கோபுரத்தில் ஏற 533 படி என்றார்கள். கீழே இருந்தே கும்பிட்டுவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். அதைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தோம். மற்ற நேரங்களில் இவர் கபின் கதவில் ஒட்டியிருந்த பாதுகாப்பு விதிகளை வாசித்தார். மூன்று மொழிகளில் இருந்ததால் அதில் கன நேரம் போனது.

நாலாம் நாள் காலை கோப்லென்ஸ் நகரக் கரையில் நின்றோம். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் கப்டனின் குரல் வந்தது. மழையில்லாத கோடை, மேலே ஆற்றில் தண்ணீர் போதாது, இதற்கு மேல் கப்பல் போகாது. கப்பல் ஹோட்டல் போல இங்கேயே நிற்கும், இனி எல்லா இடத்துக்கும் பஸ்ஸில்.

இவர் முள்ளுக்கரண்டியை வைத்தார். "என்னவாம்?"

"பஸ்ஸாம்."

"எனக்கும் விளங்கினது. நீர் சொன்னா வேற மாதிரி இருக்குமோ எண்டு பாத்தன்."

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் கபின்ல இருக்கிறன். நீர் போட்டு வாரும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். "நான் போறன். நீங்கள் வாத்தோட கதைச்சுக்கொண்டு இருங்கோ" என்று எழுந்து போய்விட்டேன்.

பஸ் கதவு மூடும் நேரம் ஓடி வந்து ஏறினார். நான் இருந்தது டிரைவருக்குப் பின்னால், முதல் வரிசையில். அங்கேதான் ஒரு இடம் காலியாக இருந்தது. டிரைவர் பெட்ரா என்று ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும். ரூடெஸ்ஹைம் என்ற ஊருக்குப் போகிறோம், 65 கிலோமீட்டர். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் திராட்சைத் தோட்டம், வளைவுக்கு ஒரு கோட்டை. இவர் ஒன்றையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் வலது காலால் தரையை அழுத்தினார்.

"அங்க பாருங்கோ, கோட்டை."

"பொறும், லொறி வருது."

பெட்ரா கண்ணாடியில் இதைக் கவனித்திருக்க வேண்டும். நீங்களும் டிரைவரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இவர் ஆம் என்றதும், "தெரிந்தது. எனக்கு முதலே நீங்கள் பிரேக் போடுகிறீர்கள்" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. இவரும் சிரித்தார். அதோடு வாய் திறந்தது. இந்த வளைவை லண்டனில் எப்படி எடுப்பார்கள், பனியில் பஸ் எப்படி வழுக்கும், பஸ்ஸின் மேல் தட்டில் ஒருவர் கோழியோடு ஏறிய கதை. இவற்றில் ஒன்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

வழியில் கௌப் என்ற சின்ன ஊரில் நிறுத்தினார்கள். ஆற்றின் நடுவே ஒரு வெள்ளைக் கோட்டை. வழக்கமாகப் படகில் போக வேண்டியது, தண்ணீர் வற்றியதால் கல்லில் நடந்தே போகலாம். ஆற்றின் அடியில் நடந்து கொண்டிருக்கும்போது இவர் சொன்னார்:

"உம்மட ஆஸ்பத்திரிக்கு முன்னால போகேக்க நான் லைட் அடிக்கிறனான், தெரியும்தானே."

"எப்ப?"

"ஒவ்வொரு நாளும். ஒண்டரை மணி ட்ரிப்பில. நீர் மூண்டாம் மாடி ஜன்னலில நிண்டு கை காட்டுவீர்."

நான் நின்றுவிட்டேன். "கிச்சன் கீழ, பின்பக்கம். என்ர ஜன்னலால குப்பைத் தொட்டிதான் தெரியும்."

"நீலச் சட்டை போட்டிருந்தீரே."

"அங்க எல்லாருக்கும் நீலச் சட்டைதான்."

"அப்ப பதினொரு வருஷம் எனக்குக் கை காட்டினது ஆர்?"

"ஏன் என்னட்ட ஒருநாளும் கேக்கேல்ல?"

"நீர் வீட்டில அதைப் பற்றிக் கதைக்கேல்ல. வெக்கப்படுறீர் எண்டு நினைச்சன்."

நான் ஒரு பாறையில் இருந்துவிட்டேன். சிரிப்பு அடங்க நேரமானது. கண்ணைத் துடைத்தபோது அது முழுக்கச் சிரிப்பால் வந்த கண்ணீரில்லை என்று தெரிந்தது. இவரும் பக்கத்தில் இருந்தார். கோட்டைக்குள் நாங்கள் போகவில்லை. திரும்பும் வழி முழுக்க அந்த மூன்றாம் மாடிப் பெண் யாராக இருக்கும் என்று ஒவ்வொருவராக அலசினோம். இன்னும் முடிவாகவில்லை.

இனி உங்களுக்கான விபரம். கோடை முடிவில் தண்ணீர் குறையலாம், வசந்தத்தில் வெள்ளம் வந்தால் கப்பல் பாலத்துக்குக் கீழே போகாது. பணம் கட்டுமுன் அப்படியானால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள், அதை ஏற்கும் இன்ஷூரன்ஸ் எடுங்கள். மரக்கறிச் சாப்பாடு என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். கப்பல் ஊழியருக்கு டிப்ஸ் ஒரு நாளைக்கு ஆளுக்குப் பத்து யூரோ ஒதுக்குங்கள். ரயில் ஏறுமுன் ஸ்டேஷனில் எல்லைச் சோதனைக்கு விரல் அடையாளம் எடுக்க வரிசை நிற்கும், நேரத்துக்கே போங்கள்.

கடைசி நாள் பாசல் வரை ஐந்து மணித்தியாலம் பஸ். வழியில் வரும் கறுப்புக் காடு மிக அழகு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் ஜன்னல் பக்கம்தான் இருந்தேன், மறுபக்கம் இவர். ஆனால் காட்டைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.